டி-ஷர்ட்டுக்குள்ள ஒரு புயல்!

உங்க டி-ஷர்ட் காலரைத் திருப்பிப் பாருங்க. 'மேட் இன் பங்களாதேஷ்'னு இருக்கா? என் ஹாஸ்டல் கொடியில் காயுற நாலுல ரெண்டு அந்த ஊர்ச் சரக்குதான். 'எப்படிப்பா இவ்ளோ சீப்?'னு கிளறினா, கதை கடலில் தொடங்குது!

2009-ல் அய்லா புயல். வங்கதேசத்தின் குல்னா, சாத்கிரா பகுதிகளில் கரை உடைந்து, கடல் தண்ணி வயலுக்குள் புகுந்தது. உப்பேறின மண்ணில் நெல் எங்கே விளையும்? பிழைப்பு தேடி டாக்காவுக்குக் கிளம்பினவங்க ஏராளம். அங்கே இருப்பது கார்மென்ட்ஸ் வேலை. நாட்டின் ஏற்றுமதியில் 80 சதவிகிதத்துக்கும் மேல் ஆயத்த ஆடைதான். 2013-ல் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்ததும் இந்தத் தொழிலில்தான். முந்தின நாளே விரிசல் விட்ட கட்டடம் அது. சிவில் படிக்கிற எனக்குப் பகீர்னு ஆச்சு.

இத்தனைக்கும் உலகத்தின் கரியமில வாயுவில் அவங்க பங்கு ஒரு சதவிகிதம்கூட இல்லை. கடல்மட்டம் உயர உயர, உப்பு மட்டும் அவங்க வயலுக்கு!

சும்மாவும் உட்காரலை. கிழக்கு பாகிஸ்தானா இருந்தபோது, 1970 புயலில் பலி சுமார் மூணு லட்சம். 1972-ல் தன்னார்வலர் படை அமைச்சாங்க. மெகாபோனோட ஊர் ஊராப் போய் ஜனங்களைப் புகலிடத்துக்குக் கிளப்புவாங்க. 2007 சிதர் புயலில் பலி சுமார் 3,400. 2020 அம்பானில் நூறைக்கூடத் தொடலை!

உயிர் தப்பியாச்சு, வயல்? அதுக்குத்தான் இழப்பு - சேத நிதி. 2023 துபாய் மாநாட்டில் ஏழை நாடுகள் அத்தனைக்கும் சேர்த்து வாக்களிக்கப்பட்டது சுமார் 70 கோடி டாலர். வங்கதேசம் வருஷத்துக்குத் தைச்சு அனுப்புற துணியோட மதிப்போ 3,500 கோடி டாலருக்கும் மேல்!