கவியரங்கும் பயிலரங்கும்

மலாயாத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள ஜொகூர் மாநிலத்தை, தமிழ் இலக்கிய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து விடுகின்றனர். கோலாலம்பூருக்கு நாளிதழ்களும் பல்கலைக்கழகமும் வானொலியும் வாய்த்தன. சிங்கப்பூருக்கு அச்சகங்கள் வாய்த்தன. ஜொகூருக்கு வாய்த்தவை தோட்டங்கள். செகாமாட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று இரயில் பாதையை ஒட்டி நீண்டு கிடந்த இரப்பர்க் காடுகள். அவற்றின் நடுவே தொழிலாளர் லயங்கள். லயத்துக்கு அருகே ஒரு கோயில், ஒரு சிறு தமிழ்ப் பள்ளி. அந்தத் தோட்டத்துத் தமிழர்க்குக் கவிதை நூல் வழியாக வந்ததைவிட மேடை வழியாகவும் நாளிதழ் வழியாகவும் வந்ததே மிகுதி. ஆதலின் கவிஞர்கள் கூடும் கூட்டம் என்ன செய்ய வல்லது, என்ன செய்ய மாட்டாது என்று ஆராய விரும்புவோர்க்கு ஜொகூர் ஒரு நல்ல களம்.

கவியரங்கம் என்பது இன்று தமிழர் அனைவரும் அறிந்த ஒன்று. பொதுத் தலைப்பு ஒன்று. அதனைப் பகுத்த உட்தலைப்புகள் ஐந்தோ ஆறோ. அவற்றைப் பாட அத்தனை கவிஞர். அவர்களுக்கு ஒரு தலைவர். தலைவர் தமிழ் வாழ்த்தும் அவையடக்கமும் பாடித் தொடங்குவார். ஒவ்வொருவரையும் கவிதையாலேயே அழைப்பார். பாடி முடித்தவரைக் கவிதையாலேயே பாராட்டுவார். சில வேளை கேலியும் செய்வார். கேட்போர் ஓர் அடி பிடித்துவிட்டால் மீண்டும் படிக்கச் சொல்வர். உருது மொழியினரின் முஷாயிராவிலும் இவ்வாறே 'முகர்ரர்' என்று கூவி மறுமுறை படிக்கச் செய்வது வழக்கம். அங்கே பழங்காலத்தில் பாடுபவர் முன் விளக்கு ஒன்றை நகர்த்தி வைப்பர். விளக்கு யார் முன் நிற்கிறதோ அவர் முறை. நம் அரங்கில் அந்த விளக்கின் வேலையைத் தலைவரின் கவிதை செய்கிறது.

இந்த அமைப்பு பழமையானது போலத் தோன்றினும், இன்றைய உருவில் இது இருபதாம் நூற்றாண்டின் ஆக்கமேயாகும். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தோற்றுவித்த கம்பன் கழகத்தின் விழாக்களும், வானொலி நிலையங்களும், பின்னர் அரசியல் மாநாட்டு மேடைகளும் இதனை வளர்த்தன. கவிஞர் சுரதா இதனை மண்டபத்திலிருந்து வெளியே கொண்டு வந்து, படகிலும் ஆற்றிலும் வீடுகளிலும்கூட நடத்திக் காட்டினார். பழைய அரங்கேற்றத்தின் இயல்பு வேறு. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் நூல் அரங்கேறிய செய்தியைச் சொல்லும்போது, அரசனோடு அதங்கோட்டாசானையும் குறிப்பிடுகிறது. அவர் கைத்தட்ட அமர்ந்தவரல்லர். நூலில் ஐயமும் குற்றமும் உளவோ என்று கேட்க அமர்ந்தவர். நக்கீரர் கதையும் இந்த மனப்பான்மையில் எழுந்ததே. கதையின் உண்மை எவ்வாறாயினும், அவை என்றால் குற்றம் காணும் இடம் என்று தமிழர் எண்ணியிருந்தனர் என்பது அதனால் விளங்கும். புதிய கவியரங்கத்தில் தலைவர் நாற்காலி இருக்கிறது. அதங்கோட்டாசான் நாற்காலியைக் காணோம்.

இனி மலாயாவுக்கு வருவோம். முரசு நெடுமாறன் தொகுத்து 1997இல் வெளிவந்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் தன்னுள் கொண்டது. அந்த 1887ஆம் ஆண்டில்தான் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகரந்தாதி'யும் 'சித்திரகவிகள்' என்ற நூலும் சிங்கப்பூரில் அச்சாயின. அந்தாதியும் சித்திரகவியும் கற்றோர்க்குரியவை. பால் மரம் வெட்டிவிட்டு வந்து அமர்பவர்க்கு எட்டாதவை. கவிதை அவரிடம் இறங்கி வந்தது பின்னர்தான். 1924இல் 'தமிழ் நேச'னும் 1935இல் 'தமிழ் முர'சும் தோன்றின. முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1952இல் தமிழர் திருநாளைத் தொடங்கிவைத்தார். சமய வேறுபாடின்றித் தமிழர் அனைவரும் பொங்கலை ஒட்டிக் கூடிய அத்திருநாள், பேச்சுக்கும் பாட்டுக்கும் நாடகத்துக்கும் ஊர்தோறும் மேடை அமைத்தது. முரசு நடத்திய மாணவர் மணிமன்றம் பள்ளிப் பிள்ளைகளை எழுதத் தூண்டிற்று. பின்னாளில் இளைஞர் மணிமன்றங்கள் பல அதன் வழியே எழுந்தன.

ஜொகூரின் தமிழாசிரியர்களுக்கு இவையெல்லாம் அக்கரைச் செய்திகளாக இருக்கவில்லை. 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட கடற்பாலம் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் ஒரே ஊர் போல ஆக்கியிருந்தது. சிங்கப்பூரில் அச்சான நாளிதழ் அந்த வழியே ஜொகூர்த் தோட்டங்களுக்கு வந்தது. தோட்டத்தில் எழுதிய பாடல் அந்த வழியே அச்சகத்துக்குப் போயிற்று.

ஈண்டு ஒன்றை ஆசிரியர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். அந்நாளில் மேடை தனியாக நிற்கவில்லை. அதன் பின்னே திருத்தும் கை ஒன்று இருந்தது. சிறுகதைக்கு அக்கை எவ்வாறு வாய்த்தது என்பது யாவரும் அறிந்ததே. 1950இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் 'கதை வகுப்பு' என்று ஒரு பகுதியைத் தொடங்கினர். எழுதக் கற்பிக்கும் வகுப்பு ஒன்றை நாளிதழே நடத்தியது என்பது வேறெங்கும் எளிதில் காணப்படாத செய்தி. மலேசியச் சிறுகதையின் வளர்ச்சியைப் பேசுவோர் எல்லாரும் அவ்வகுப்பிலிருந்தே பேசத் தொடங்குகின்றனர். செய்யுள் எழுதியவர்க்கோ, யாப்பறிந்த பள்ளியாசிரியரும் ஞாயிறு மலரின் ஆசிரியருமே அந்த வகுப்பாக இருந்தனர். தளை தட்டிய வெண்பா அச்சேறாது என்ற அச்சம் ஒன்றே பலரைக் கவிஞராக்கிற்று. தங்காக் ஊரில் இருந்துகொண்டு மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றுக்குப் பெருநூல் ஒன்று தந்த மா. இராமையா போன்றவர்கள், தலைநகருக்குக் குடிபெயராமலே எழுத்தாளராக வாழ முடிந்ததற்கும் இந்த இதழ் வழி உறவு ஒரு காரணம் எனலாம்.

அந்தப் பின்புலம் மெல்ல மெல்லச் சரிந்தது. 1965இல் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. காலப்போக்கில் ஒரு நாட்டு நாளிதழ் மறு நாட்டுக் கடைகளில் கிடைப்பதும் நின்றது. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்க்கு வேலை உரிமம் வேண்டும் என்று வந்தபோது தோட்டத் தமிழர் பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டா. எஞ்சியவர்களும் பிள்ளைகளோடு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். தமிழ் நேசன் 2019இல் நின்று போயிற்று. மேடை மட்டும் நிற்கவில்லை. பொங்கலுக்கும் திருவள்ளுவர் விழாவுக்கும் கவியரங்கம் வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. திருத்தும் கை விலகிய பின் மேடை மட்டும் எஞ்சினால் கவிதைக்கு என்ன நேரும் என்பதே நாம் கவலையோடு எண்ண வேண்டியது.

நேர்வதை மறைக்காமல் சொல்லலாம். செவிக்கென எழுதும் கவிதைக்குச் சில இயல்புகள் வேண்டும். அடியின் முதற்சீரில் எதுகை விழ வேண்டும்; கருத்து அடியோடு முடிய வேண்டும்; இறுதியடியில் ஒரு வீச்சு வேண்டும். எண்சீர் விருத்தமும் அறுசீர் விருத்தமும் மேடையில் வெற்றி பெற்றது இதனால்தான். இவற்றில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கைத்தட்டல் மட்டுமே அளவுகோலாகும்போது, கவிஞர் ஏற்கனவே தட்டு வாங்கிய சொல்லையே தேடிப் போகிறார். 'தேன் தமிழ்' என்றால் தட்டுவர். ஆகவே ஆறு கவிஞரும் தேனைக் கொண்டு வருகின்றனர். (தேனீக்களுக்கே சலிக்கும் அளவுக்கு.) 1964இல் சி. கமலநாதன் முதலில் எழுதிக் காட்டியதாகச் சொல்லப்படும் புதுக்கவிதையும், 1970களின் இறுதியில் 'வானம்பாடி' வார இதழ் வளர்த்த புதுக்கவிதையும் இந்தச் சலிப்புக்கு மாற்றாக வந்தவையே. ஆயினும் மேடையேறிய சில ஆண்டுகளில் அதுவும் கைத்தட்டலுக்கு வரி உடைக்கக் கற்றுக்கொண்டது. குற்றம் மரபிலும் இல்லை, புதுமையிலும் இல்லை. இடையில் ஒரு திருத்தும் அவை இல்லாததில் இருக்கிறது.

அந்த அவையைத்தான் இன்று பயிலரங்கு என்கிறோம். பயிலரங்கு என்ற பெயரில் அரை நாள் சொற்பொழிவு நடத்திச் சான்றிதழ் வழங்குவது அன்று நான் கருதுவது. பத்துப் பன்னிருவர் வட்டமாக அமர்ந்து, தாம் எழுதியதைத் தாமே படித்து, மற்றவர் சொல்வதைக் கேட்டுத் திருத்துவது. சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'கவிமாலை' மாதந்தோறும் கூடி வருவது அருகிலேயே உள்ள எடுத்துக்காட்டு. ஆண்டுக்கொரு பெருவிழாவைவிட மாதத்துக்கொரு சிறு கூட்டம் கவிஞர்க்கு மிகுதியும் பயன்படும்.

பயிற்சிக்குத் தமிழில் நல்ல கருவி ஈற்றடி. ஒருவர் வெண்பாவின் இறுதியடியை மட்டும் கொடுப்பார். மற்றவர் முன் மூன்று அடிகளைப் பாடி நிரப்புவர். ஜொகூர் பாருவில் கூடும் ஒரு கூட்டத்துக்கு, கடற்பாலத்தை மனத்தில் வைத்து, 'கடலிடையே வந்த கரை' என்று ஓர் ஈற்றடி கொடுப்பதாகக் கொள்வோம். 'கடலிடையே' கருவிளங்காய், 'வந்த' தேமா, 'கரை' மலர் என்னும் வாய்பாட்டில் முடிகிறது. காய் முன் நேரும், மா முன் நிரையும் வந்ததால் தளை பொருந்திற்று. இனி எழுதுபவர் முன் நிற்கும் தடைகளைப் பாருங்கள். ஈற்றடி நிரையசையில் தொடங்குவதால் மூன்றாம் அடியின் கடைசிச் சீர் மாச்சீராகவே இருக்க வேண்டும். எதுகை நோக்கினால் மூன்றாம் அடி குறிலை அடுத்து டகரம் வரும் சொல்லில் தொடங்க வேண்டும்: படகு, உடல், இடம், தடம், விடை. இந்தச் சொற்களை எழுதி வைத்துப் பார்த்தவுடன் பொருளும் தானே வந்து நிற்கிறது. படகில் வந்த பாட்டன், உடல் தேய உழைத்தவன், இடம் பெயர்ந்த மகன், நாள்தோறும் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் பேரன். 'தேன் தமிழ்' அங்கே நுழைய வழியில்லை. கட்டுப்பாடு கற்பனையை முடக்கும் என்று அஞ்சும் இளைஞர்க்கு இதனைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

ஜொகூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அவர்கள் மலாய்ப் பாடத்தில் பந்துன் கற்கிறார்கள். நாலடிச் செய்யுள், முதலடிக்கும் மூன்றாமடிக்கும், இரண்டாமடிக்கும் நாலாமடிக்கும் இயைபு. முன்னிரண்டு அடிகள் மரத்தையோ பறவையையோ சுட்டும் நிழல். பின்னிரண்டு அடிகளே பொருள். திருமண வீடுகளில் இரு தரப்பாரும் எதிரெதிர் நின்று பந்துன் சொல்லி மடக்கும் வழக்கம் உண்டு. 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மானுடப் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது. பந்துனின் முன்னடிகளைப் படிக்கும் தமிழாசிரியர்க்குச் சங்கப் பாடலின் இறைச்சியும் உள்ளுறையும் நினைவுக்கு வராமல் இரா. இரண்டும் ஒன்றல்ல, ஆயினும் ஒன்றைக் கொண்டு மற்றொன்றை விளக்கலாம். மலாய்ச் செய்யுள் வகைகளுள் 'குரிண்டம்' என்பதன் பெயர் தமிழ் வழியாக வந்தது என்று கூறும் அறிஞரும் உளர். பழைய ஜொகூர் - ரியாவ் நாட்டைச் சேர்ந்த இராஜா அலி ஹாஜி 1847இல் இயற்றிய நீதிநூல் அந்த வகையில் புகழ்பெற்றது. மலாய்ப் பாடத்தில் செய்யுளைச் சொல்லி விளையாடும் பிள்ளை, தமிழ்ப் பாடத்தில் அதை மனப்பாடம் மட்டும் செய்வது ஏன் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருத்தும் அவையில் பெரிய இடையூறு ஒன்று உண்டு: முகத்தாட்சணியம். எழுதியவர் தலைமையாசிரியராக இருந்தால் அவர் வெண்பாவில் தளை தட்டுகிறது என்று யார் சொல்வார்? ஜப்பானியர் தம் ஹைக்கூக் கூட்டங்களில் இதற்கு எளிய வழி கண்டிருக்கின்றனர். 'குக்காய்' என்னும் அக்கூட்டத்தில் எல்லாரும் பெயர் எழுதாமல் சீட்டுகளில் எழுதிப் போடுவர். சீட்டுகள் கலக்கப்பட்டு, கையெழுத்தும் அடையாளம் தெரியாதபடி மற்றொருவரால் படியெடுக்கப்படும். பின் அவை சுற்றி வரும். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தவற்றைத் தெரிந்தெடுத்துக் காரணமும் சொல்வர். எழுதியவர் இறுதியில்தான் தம் பெயரைச் சொல்வார். மாணவன் பாட்டை ஆசிரியரும், ஆசிரியர் பாட்டை மாணவனும் அறியாமலே எடைபோடும் வாய்ப்பு இதில் கிடைக்கிறது.

ஜொகூரில் தமிழ்ப் பள்ளிகள் ஏறத்தாழ எழுபது உள்ளன. எல்லாவற்றிலும் வேண்டா, செகாமாட், குளுவாங், ஜொகூர் பாரு என்று வட்டாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கினும் போதும். சனிக்கிழமை மாலை ஒரு வகுப்பறை; பன்னிரண்டு பேர்; ஓர் ஈற்றடி அல்லது ஒரு பொருள். மரபில் எழுதுவோர்க்குத் தளையையும், புதுக்கவிதை எழுதுவோர்க்கு மிகைச் சொல்லையும் சுட்டிக்காட்ட யாப்பும் சுவையும் அறிந்த ஒருவர். சீட்டுகளைப் படியெடுக்க, கையெழுத்து நன்றாக உள்ள ஒரு மாணவி. ஆறு மாதம் இவ்வாறு கூடியபின், திருத்தம் பெற்ற பாடல்களை மட்டும் கொண்டு பொங்கல் மேடையில் கவியரங்கம் வைக்கலாம். அன்று தலைவர் கவிதையால் அழைக்கட்டும். ஊரார் வேண்டிய மட்டும் கைத்தட்டட்டும்.