கல்யாண கேசட்டை ஏற்ற ஒரே கம்ப்யூட்டரில் 2 கேமரா... ஃபயர்வயரில் நடக்குமா?

சேலம், நாமக்கல், ராசிபுரம் பக்கம் 2000-களில் நடந்த கல்யாணங்கள் பல இன்னும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட்டுகளில்தான் இருக்கின்றன. பெயர், மினி டிவி. இங்கே டிவி என்றால் தொலைக்காட்சி இல்லைங்க, டிஜிட்டல் வீடியோ.

1 மணி நேர கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்ற 1 மணி நேரம் ஆகும். வேகமாக ஓட்ட வழியில்லை. அலமாரியில் 40 கேசட் வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரருக்கு 40 மணி நேர வேலை. அதனால்தான் இந்தக் கேள்வி: 2 கேமராவை ஒன்றாக மாட்டலாமா?

கணக்குப்படி மாட்டலாம்

1995-ல் ஐ.இ.இ.இ 1394 என்ற தரமாக வந்த ஃபயர்வயரில் (சோனி வைத்த பெயர் ஐ.லிங்க்) 63 கருவிகள் வரை இணைக்கலாம். அறுபத்துமூவர் கணக்கேதான்! ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒரே மாடல் கேமரா இரண்டு இருந்தாலும் கம்ப்யூட்டர் குழம்பாது.

சிக்கல் எங்கே?

கேமராவில் பெரும்பாலும் ஒரே ஒரு 4 பின் துளைதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு சங்கிலியாக இழுக்க முடியாது. கார்டில் 2 போர்ட் இருந்தால் 2 கேமராவும் மாட்டிக்கொள்ளும். ஆனால் பல கேமராக்கள் படத்தை அனுப்புவது 63 என்ற ஒரே சேனலில். இரண்டிலும் பிளே அழுத்தினால் ஒன்று ஓடும், மற்றொன்று கறுப்புத் திரை காட்டும். கேமரா பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

இதற்கு நம்பகமான வழி, கேமராவுக்கு ஒரு கார்டு வீதம் 2 தனி ஃபயர்வயர் கார்டு போடுவது. கேப்சர் மென்பொருளையும் தனித்தனியாக இரண்டு முறை திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கேமராவைத் தேர்வு செய்ய வேண்டும். 1 மணி நேர வீடியோவுக்குச் சுமார் 13 ஜிபி இடம் வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் முன்கூட்டியே காலி செய்துவைப்பது நல்லது.

ஒரு முனை ஃபயர்வயர், மறுமுனை யூஎஸ்பி என்று மலிவாக விற்கும் கேபிளை வாங்காதீர்கள். டிவி கேமராவுக்கு அது வேலை செய்யாது. 6 பின் முனையைத் தலைகீழாக அழுத்திச் சொருகினால் கேமராவின் போர்ட்டே போய்விடலாம்.

2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஃபயர்வயர் ஆதரவே இல்லை. கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டர் கடையில் இருந்தால், கேசட் எல்லாம் ஏறி முடியும்வரை அதைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடாதீர்கள்.