காணிக்கை போடும் உறுப்பினருக்குத் திருச்சபையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

திருச்சபை நிர்வாகம் பற்றிச் செய்தி வந்தால், தலைப்பில் பெரும்பாலும் பேராயர், நிலம், வழக்கு இந்த மூன்றில் ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் சாதாரண உறுப்பினர் அதில் இருக்க மாட்டார். ஆனால் அந்தச் சண்டைகளில் பலவும் கடைசியில் வந்து நிற்பது அவரிடம்தான். அவருக்கு ஓட்டு உண்டா? கணக்கு கேட்க முடியுமா? அவருடைய சம்மதம் இல்லாமல் விதியை மாற்றலாமா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.78 கோடி கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். அதாவது மக்கள்தொகையில் 2.3 சதவீதம். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரே விதிப்புத்தகம் கிடையாது. நீங்கள் எந்தச் சபையில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் அதிகாரமும் மாறும். நான்கு முறைகளைப் பார்ப்போம்.

சி.எஸ்.ஐ.: கீழிருந்து மேலே போகும் ஓட்டு

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரலில் உருவானது. பேராயர்கள் உள்ள ஆங்கிலிக்கன் மரபு, மெதடிஸ்ட் மரபு, சபையாரும் மூப்பர்களும் முடிவெடுக்கும் தென்னிந்திய ஐக்கிய சபை ஆகியவை அதில் ஒன்றாகச் சேர்ந்தன. அதனால் இங்கே பேராயரும் உண்டு, தேர்தலும் உண்டு.

முறை இதுதான். திடப்படுத்தல் பெற்று, சந்தாவைப் பாக்கி இல்லாமல் கட்டி, பட்டியலில் பெயர் உள்ள உறுப்பினர்கள் சேகரக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேராயக் கவுன்சிலுக்கும் சபைகளிலிருந்து பிரதிநிதிகள் போகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் இதைத்தான் 'டி.சி. தேர்தல்' என்பார்கள். கவுன்சிலிலிருந்து சினாடுக்கு ஆட்கள் தேர்வாகிறார்கள். வயது, சந்தா போன்ற தகுதி விதிகள் பேராயத்துக்குப் பேராயம் மாறும்.

புதிய பேராயர் வேண்டும் என்றால், முதலில் கவுன்சில் வாக்களித்து ஒரு பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும். அதிலிருந்து ஒருவரைச் சினாடு தேர்ந்தெடுக்கும். ஆக, நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறீர்களோ அவர்தான், அல்லது அவர் வழியாகப் போகிறவர்தான், உங்கள் பேராயர் யார் என்பதைத் தீர்மானிப்பவர்களில் ஒருவர்.

இதன் வீச்சைப் புரிந்துகொள்ள ஒரு நிகழ்வு போதும். பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக உயர்த்தும் திருத்தம் 2022-ல் சினாடில் கொண்டுவரப்பட்டது. ஆனால் அமைப்புச் சட்டத்தை மாற்றச் சினாடு மட்டும் போதாது. மூன்றில் இரண்டு பங்கு பேராயக் கவுன்சில்களும் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் முறையாகப் பெறப்பட்டதா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 'நம்ம ஊர் கமிட்டி தேர்தல்தானே' என்று நாம் தவறவிடும் ஓட்டு எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு இது ஒரு உதாரணம்.

கத்தோலிக்கம்: கருத்துச் சொல்லலாம், முடிவு உங்களுடையது அல்ல

இங்கே ஆயரைச் சாதாரண உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. பங்குத்தந்தையும் தேர்தலில் வருவதில்லை. ஆனாலும் பொதுநிலையினருக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

1983 திருச்சபைச் சட்டத்தொகுப்பில் நான்கு பிரிவுகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பிரிவு 212: திருச்சபையின் நலன் குறித்த கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, சில நேரம் அது கடமையும்கூட. பிரிவு 536: பங்குப் பேரவை ஆலோசனை மட்டுமே சொல்லும். பிரிவு 537: ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். பிரிவு 1287: விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு, அந்தந்த இடத்துக்கான சட்டப்படி, அவர்களிடமே கணக்குக் காட்ட வேண்டும்.

பேரவை இருந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆயர் தேவை எனக் கருதினால் அமைக்கலாம். நிதிக்குழுவுக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் 'நம்ம பங்கில் நிதிக்குழு இருக்கா? கடைசியா எப்போ கூடிச்சு?' என்று கேட்பதை யாரும் குறும்பு என்று தள்ளிவிட முடியாது. அது சட்டத்தில் உள்ள கேள்வி.

மாற்றம் மெதுவாக வருகிறது. பெரும்பாலும் ஆயர்களே வாக்களித்து வந்த வத்திக்கான் ஆயர் மாமன்றத்தில், 2023 அக்டோபரில் முதல்முறையாகப் பெண்கள் உட்பட பொதுநிலையினரும் வாக்களித்தார்கள்.

மிசோரம்: ஒரு பிடி அரிசியும் மூப்பர் தேர்தலும்

மிசோரமில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அங்கே பெரிய சபை பிரெஸ்பிட்டேரியன் சபை. சபையார் ஓட்டுப் போட்டு மூப்பர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மிசோ மொழியில் மூப்பரை 'உபா' என்பார்கள். வேறு வேலை பார்க்கும் இந்த உபாக்கள் போதகர்களுடன் சமமாக உட்கார்ந்து முடிவெடுக்கிறார்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது? சம்பளத்தில் பத்தில் ஒன்று தருவது ஒரு வழி. இன்னொன்று 'புஃபாய் தாம்'. சமைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடியைத் தனியே எடுத்துவைக்கிறார்கள். நம்ம ஊர் பிடியரிசி மாதிரிதான். சேர்ந்த அரிசியை விற்றுச் சபைப் பணிக்குப் பயன்படுத்துகிறார்கள். நூறாண்டுக்கு மேலாக இது நடக்கிறது. வெளிநாட்டு மிஷனை நம்பாமல் அந்தச் சபை சொந்தக் காலில் நிற்பதில் இந்தப் பிடியரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. சபையைத் தாங்குபவர்களில் பெண்கள் முன்வரிசையில் இருந்தும், போதகர் அபிஷேகம் நீண்டகாலமாக ஆண்களுக்கே என்று இருந்துவந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கொடுப்பவரும் முடிவெடுப்பவரும் எப்போதும் ஒருவராக இருப்பதில்லை.

கேரளா: ஆள் எண்ணிக்கையா, சாசனமா?

மலங்கரா சபையில் ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயா தரப்புகளுக்கு இடையிலான வழக்கில் 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தச் சபையின் எல்லாப் பங்குகளையும் 1934 அமைப்புச் சட்டமே கட்டுப்படுத்தும், ஒரு பங்கில் பெரும்பான்மையினர் வேறு மாதிரி முடிவெடுத்தாலும் கோயிலைத் தனியே கொண்டுபோக முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பல ஊர்களில், தலைமுறைகளாக வழிபட்டுவந்த கோயிலின் சாவி, உள்ளூரில் எண்ணிக்கையில் பெரிய தரப்பின் கையை விட்டுப் போனது.

இதில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். சாதாரண உறுப்பினருக்கான பாடம் ஒன்றுதான்: பிரச்சினை என்று வந்தால், நீதிமன்றம் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணாது. எழுதிவைத்த விதியைத்தான் படிக்கும்.

அரசு தலையிடாதா?

தமிழ்நாட்டில் இந்துக் கோயில்களுக்கு அறநிலையத்துறை இருப்பதுபோல் திருச்சபைகளுக்குத் தனித் துறை இல்லை. சொத்துகள் சங்கம், அறக்கட்டளை, நிறுவனம் என வெவ்வேறு வடிவங்களில் பதிவாகியிருக்கின்றன. சி.எஸ்.ஐ. சொத்துகளை வைத்திருக்கும் அமைப்பு கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானது. சபைச் சொத்துகளை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் அறக்கட்டளைகளிடம் தர வேண்டும் என்று, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையிலான கேரளச் சட்டச் சீர்திருத்த ஆணையம் 2009-ல் ஒரு வரைவு மசோதா தந்தது. சபைகள் எதிர்த்தன. அது சட்டமாகவில்லை.

ஆகவே வெளியிலிருந்து யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. உள்ளே இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

வேலைக்காகப் பெங்களூரு, ஹைதராபாத் என்று போய்விட்ட இளைஞர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பலரின் பெயர் சொந்த ஊர்ச் சபையில் இருக்கும், சந்தா நின்றிருக்கும். புதிய ஊரில் ஆராதனைக்குப் போவார்கள், ஆனால் பட்டியலில் பெயர் இருக்காது. கடைசியில் இரண்டு இடத்திலும் ஓட்டு இல்லை.

1. உறுப்பினர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பாருங்கள். ஊர் மாறினால் மாற்றுக் கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

2. சந்தாவுக்கும் காணிக்கைக்கும் ரசீது வாங்கி வையுங்கள். தகுதி பற்றிய தகராறில் அதுதான் முதல் ஆவணம்.

3. சபையின் அமைப்புச் சட்டத்தில் தேர்தல், கணக்கு ஆகிய இரண்டு பகுதிகளையாவது படியுங்கள்.

4. ஆண்டுக் கூட்டத்துக்குப் போய், தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். எழுத்தில் கேட்பது நல்லது.

திருச்சபையின் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, நிலம் எல்லாமே உங்கள் தாத்தா பாட்டி காலத்துக் காணிக்கையையும் சேர்த்து உருவானவைதான். அவற்றை யார் நிர்வகிக்கிறார்கள் என்பது பெரும்பாலும் மதிய உணவுக்கு முன்பு, பாதி நாற்காலி காலியாக இருக்கும் ஒரு கூட்டத்தில் முடிவாகிறது. அடுத்த கூட்டம் எந்த ஞாயிறு என்று இந்த வாரமே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.