‘ஏ/எல்’ சாய்கோடும் காணாமல் போகும் கோப்பும்

தோட்டத்துக் குடும்பங்களில் முக்கியப் பத்திரங்களுக்கு என்று ஒரு பை இருக்கும். பிறப்புப் பத்திரம், திருமணச் சான்றிதழ், அடையாள அட்டை நகல், இ.பி.எஃப். கடிதம், பெர்கேசோ கடிதம், பிள்ளையின் எஸ்.பி.எம். தேர்ச்சி என எல்லாம் அதற்குள்தான். புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் அந்தப் பை இப்போது மெல்ல மெல்லக் கணினிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. படிப்புதவி, குடியுரிமை, இழப்பீடு என்று எதற்கு விண்ணப்பித்தாலும் ஆவணங்களை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பச் சொல்வது வழக்கமாகிவிட்டது. வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால், பக்கத்து வீட்டுப் பத்திரங்களும் அந்தப் பிள்ளையின் மடிக்கணினிக்கே வந்து சேரும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பத்து குடும்பங்களின் ஆவணங்கள் ஒரே கணினியில் இருக்கும்போது, சரியான கோப்பைத் தேடி எடுத்து இணைப்பது சின்ன வேலையல்ல. ஒருவருடைய விண்ணப்பத்தோடு இன்னொருவருடைய அடையாள அட்டை போய்விட்டால், அனுப்பிய மின்னஞ்சலைப் பிடித்திழுக்க முடியாது. நம் அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு. தவறான கைக்குப் போவது வெறும் ஒரு படம் அல்ல.

பெரும்பாலோர் ஜிமெயிலைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். ஆனால் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுப் பயன்படுத்துவோரும், கணினித் துறை மாணவர்களும், இணைய வேகம் குறைந்த இடங்களில் இருப்போரும் எழுத்துத் திரை மின்னஞ்சல் நிரல்களை இன்னும் கைவிடவில்லை. இவற்றில் படம் இல்லை, விளம்பரம் இல்லை, மவுஸ்கூடத் தேவையில்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டுமே இருப்பதால் மெதுவான இணைப்பிலும் சட்டென்று திறக்கும்.

இவற்றில் ஒன்று ‘பைன்’. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் தொடங்கப்பட்ட நிரல் அது. அதன் வாரிசான ‘ஆல்பைன்’ 2007-இல் வெளிவந்தது. இன்னொன்று ‘மட்’. மைக்கேல் எல்கின்ஸ் என்பவர் 1995-இல் எழுதியது. இரண்டும் இலவசம். இவற்றில் ஜிமெயில் கணக்கைப் பயன்படுத்த வழக்கமான கடவுச்சொல் போதாது. கணக்கில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, ‘ஆப் பாஸ்வர்ட்’ ஒன்றைத் தனியாகப் பெறுவது ஒரு வழி. பலர் முதல் நாளிலேயே இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிரலைக் குறை சொல்வார்கள்.

இந்த நிரல்களில் புதியவர் தடுமாறும் அடுத்த இடம், கோப்பை இணைப்பது. ஆல்பைனில் கடிதத்தின் தலைப்பகுதியில் இருந்துகொண்டு கண்ட்ரோல் விசையோடு ‘ஜே’ அழுத்தினால், எந்தக் கோப்பு என்று கேட்கும். அந்த வரியில் பலர் முழுப்பெயரையும் தட்டச்சு செய்யப் பார்க்கிறார்கள். ஓர் எழுத்து தப்பினாலும் கோப்பு இல்லை என்ற பதில்தான் வரும். பெயரின் முதல் சில எழுத்துகளை இட்டு ‘டேப்’ விசையைத் தட்டினால், மீதியை நிரலே நிரப்பிவிடும். பெயரே நினைவில்லை என்றால், திரையின் அடியில் ‘டு ஃபைல்ஸ்’ என்று காட்டப்படும் விசை கோப்புப் பட்டியலைத் திறக்கும். பட்டியல் நீளமாக இருந்தால் ‘டபிள்யூ’ அழுத்திப் பெயரைத் தேடலாம். ‘ஜி’ அழுத்தி வேறு கோப்புறைக்குத் தாவலாம்.

ஓர் எச்சரிக்கை. அதே பட்டியலின் அடியில் ‘டெலிட்’, ‘ரீநேம்’ என்ற விசைகளும் உண்டு. அவை இணைப்பை நீக்குபவை அல்ல. கணினியில் உள்ள அசல் கோப்பையே அழிப்பவை, பெயர் மாற்றுபவை. அழிக்கும் முன் நிரல் ஒருமுறை கேட்கும். அவசரத்தில் ‘ஆம்’ சொல்லிவிடக் கூடாது.

ஆல்பைன் வழக்கமாகப் பயனரின் முதன்மைக் கோப்புறையிலிருந்தே தேடலைத் தொடங்கும். எல்லாரையும் சலிப்படைய வைப்பது இதுதான். ஒவ்வொரு முறையும் மேலிருந்து ஒவ்வொரு கோப்புறையாக இறங்கி வர வேண்டும். அமைப்புகள் பக்கத்தில் ‘யூஸ்-கரண்ட்-டிர்’ என்ற ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கிவிட்டால், எந்தக் கோப்புறையில் நின்றுகொண்டு ஆல்பைனைத் திறந்தோமோ, தேடலும் அங்கிருந்தே தொடங்கும். பத்து குடும்பங்களுக்கு உதவுபவர் குடும்பத்துக்கு ஒரு கோப்புறை வைத்து, முதலில் அந்தக் குடும்பத்தின் கோப்புறைக்குள் போய், பிறகு நிரலைத் திறந்தால், கண்முன் இருப்பது அவர்களுடைய பத்திரங்கள் மட்டுமே. இன்னொருவருடைய அட்டையை இணைக்கும் வாய்ப்பு பெருமளவு குறைந்துவிடும்.

மட் நிரல் தொடங்கப்பட்ட கோப்புறையைத்தான் இயல்பாகவே காட்டும். அதில் இணைப்பதற்கு ‘ஏ’ விசை. கோப்புப் பெயரைக் கேட்கும் இடத்தில் கேள்விக்குறியைத் தட்டினால் பட்டியல் விரியும். பட்டியல் அகர வரிசையில் வருவது இதன் குறை. காலையில் ஸ்கேன் செய்த பத்திரம் எங்கோ நடுவில் ஒளிந்திருக்கும். அமைப்புக் கோப்பில் ‘சார்ட்_பிரவுசர்’ என்பதற்கு ‘ரிவர்ஸ்-டேட்’ என்று மதிப்புக் கொடுத்து ஒரு வரி எழுதிவிட்டால், புதிய கோப்பு முதலில் நிற்கும். ‘எம்’ விசையை அழுத்தி ‘பி.டி.எஃப்.’ என்று ஆங்கில எழுத்துகளில் இட்டால், அந்த எழுத்துகள் உள்ள பெயர்கள் மட்டுமே பட்டியலில் இருக்கும். அனுப்பும் முன் காட்டப்படும் பக்கத்தில் இணைப்பின் மேல் நின்று ‘என்டர்’ தட்டினால், அதைத் திறந்தும் பார்க்கலாம். அரை நிமிட வேலை. செய்யாமல் விடுபவர்களே அதிகம்.

இனி, நம்மவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். மலேசியத் தமிழர் பெயர்களில் மகன் என்பதற்கு ‘ஏ/எல்’, மகள் என்பதற்கு ‘ஏ/பி’ என்று நடுவில் வரும். அடையாள அட்டையில் உள்ளபடியே கோப்புக்கும் பெயர் வைக்கப் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்தச் சாய்கோடு லினக்ஸில் ஒரு கோப்புறைக்கும் அதற்குள் இருப்பதற்கும் நடுவே போடும் குறி. ‘முனியாண்டி ஏ/எல்’ என்று தட்டச்சு செய்தால், ‘முனியாண்டி ஏ’ என்ற கோப்புறைக்குள் ‘எல்’ என்று தொடங்கும் கோப்பைத்தான் நிரல் தேடும். அப்படி ஒன்று இருக்காது. கோப்பு காணாமல் போய்விட்டது என்று பயந்து, மறுபடி ஸ்கேன் செய்து, இரண்டு மூன்று நகல்கள் சேர்ந்து, கடைசியில் எது சரியான நகல் என்றே தெரியாமல் போகும். விண்டோஸும் கோப்புப் பெயரில் சாய்கோட்டை ஏற்காது. சாய்கோட்டை விட்டுவிட்டு எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்வதே எளிய வழி. விண்ணப்பப் பாரத்தில் பெயரை முறையாக எழுதினால் போதும். கோப்புப் பெயர் நாம் தேடி எடுப்பதற்காக மட்டுமே.

தேதியிலும் இதே கதைதான். 01-03-2024 என்று நாளை முன்னால் வைத்தால், அகர வரிசையில் எல்லா ஆண்டுகளின் முதல் தேதிகளும் ஒன்றாகக் கூடிவிடும். 2024-03-01 என்று ஆண்டை முன்னால் வைத்தால், வரிசை தானாகவே காலவரிசை ஆகிவிடும். எந்த நிரலுக்கும், கைப்பேசிக்கும்கூட இது பொருந்தும். அடையாள அட்டை எண்ணைக் கோப்புப் பெயரில் வைக்கவே வேண்டாம். இணைப்பைத் திறக்காதவருக்கும் அதன் பெயர் தெரியும்.

தமிழில் பெயர் வைக்கலாமா? வைக்கலாம், யூனிகோட் வந்த பிறகு தடையில்லை. 1990-களில் தமிழில் மின்னஞ்சல் எழுதவே தனி மென்பொருள் வேண்டியிருந்தது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ அப்படி வந்ததுதான். அதன் பெயரிலேயே அஞ்சல் இருக்கிறது. இன்றைக்கும் சில கறுப்புத் திரைகளில் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நின்று, பட்டியலின் வரிசையைக் கோணலாக்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, திரைதான் சரியாகக் காட்டவில்லை. அப்படிப்பட்ட கணினியில் கோப்புப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்து, கடிதத்தைத் தமிழில் எழுதுவது நல்லது.

குடும்பத்தின் பெயரில் கோப்புறை, அதற்குள் ஆண்டு முன்னால் வரும் தேதி, பிறகு ‘பிறப்புப் பத்திரம்’ அல்லது ‘எஸ்.பி.எம்.’ என்ற ஒரே சொல். இந்த முறையை ஒரு மாலையில் ஏற்படுத்திவிடலாம். ஏற்கெனவே குவிந்து கிடக்கும் பழைய கோப்புகளுக்குப் பெயர் மாற்றத்தான் இரண்டு மூன்று வார இறுதிகள் ஆகும். பெயர் மாற்றுமுன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்வது அவசியம்.