பாசி செத்தால் போதுமா? கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு வேதியியல் பாடம்!

மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், 1863-ல் ஓடையை மறித்து உருவாக்கியது கொடைக்கானல் ஏரி. நட்சத்திர வடிவம், சுமார் 60 ஏக்கர் பரப்பு, படகு சவாரி என்று கொள்ளை அழகு. ஆனால், ஏரியில் கழிவுநீர் கலக்கிறது என்பது ஊர்க்காரர்களின் நீண்டகாலப் புகார்.

கழிவுநீரில் வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் நீலப்பச்சைப்பாசிக்கு விருந்து! பெயர்தான் பாசி; உண்மையில் இது ‘சயனோபாக்டீரியா’ என்ற பாக்டீரியா. இதில் சில வகைகள், கல்லீரலைத் தாக்கும் ‘மைக்ரோசிஸ்டின்’ என்ற நஞ்சைத் தயாரிக்கின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு அழியாது.

துவர்ப்பே ஆயுதம்

பழனி மலையில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இரண்டு மரங்கள் உண்டு. ஒன்று, தைலம் தரும் யூகலிப்டஸ். மற்றொன்று, தோல் பதனிடப் பட்டை தரும் வாட்டில் எனும் சீகை. இரண்டிலும் டானின் இருக்கிறது. கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் நாக்கைத் துவர்க்க வைக்கும் அதே பொருள்தான்.

டானின் வகைப் பொருள்கள் நீரில் ஆக்சிஜனோடு வினைபுரியும்போது, புண்ணைக் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான பொருள்கள் உருவாகின்றன. அவை செல்லின் மேல்சவ்வை அரிக்கின்றன, ஒளிச்சேர்க்கையை முடக்குகின்றன. சவ்வு ஓட்டையானதும் செல் உடைந்துபோகிறது. சாதாரணப் பச்சைப்பாசியைவிட, சயனோபாக்டீரியா இந்தத் தாக்குதலுக்குச் சீக்கிரம் பலியாகிறது.

யூகலிப்டஸ் இலைச்சாறும் முருங்கை விதைச்சாறும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகையின் வளர்ச்சியைத் தடுப்பது ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

‘அப்படியானால், இலையை அள்ளி ஏரியில் கொட்டலாமே?’ என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்!

உடைந்தால் ஆபத்து

மைக்ரோசிஸ்டின் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே அடைபட்டிருக்கும். செல் உடைந்தால் மொத்தமும் தண்ணீரில் கலந்துவிடும். 1979-ல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில், குடிநீர் அணையில் பெருகிய பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்டார்கள். சில நாள்களில் 140-க்கும் மேற்பட்டோர் கல்லீரல் பாதிப்போடு நோயில் விழுந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் குழந்தைகள். செத்த பாசியிலிருந்து வெளியேறிய வேறொரு நஞ்சே காரணம் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் கூறின.

மயில்துத்தத்துக்குப் பதில் மரப்பட்டை என்றாலும், செல் உடைந்தால் நஞ்சு வெளியேறத்தான் செய்யும். போதாக்குறைக்கு, கொட்டிய இலை அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்களும் சாகும்.

அதனால்தான் இங்கிலாந்தில் பார்லி வைக்கோலை, பாசி பெருகுவதற்கு முன்பே குளங்களில் கொஞ்சமாகப் போடுகிறார்கள். அது மெதுவாக மட்கி, புதிய பாசி வளர்வதைத் தடுக்கிறது. இருக்கும் பாசியை உடைப்பது அதன் வேலையல்ல.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, பாசிக்குச் சாப்பாடு போடாமல் இருப்பதுதான். சாக்கடையும் சோப்புத் தண்ணீரும் ஏரிக்கு வராமல் தடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எந்த ஏரியிலும் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல நீர் தெரிந்தால், குழந்தைகளையும் செல்ல நாய்களையும் அதில் இறங்க விடாதீர்கள்!