இரவு பதினொரு மணிக்கு அம்மா என்ன செய்வார்? – சொகுசுக் கப்பலைத் தெரிவுசெய்வதற்கு முன்

2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்ற பயணிகள் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைமுகங்களுக்கு வந்துபோகத் தொடங்கியது. இந்தியாவின் கோர்டீலியா குரூஸஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது அது. அதுவரை தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த சொகுசுக் கப்பல் திருகோணமலை உள்துறைமுகத்துக்குள் வந்து நின்றபோது, ஊரில் உள்ளவர்களிடமும் வெளிநாட்டில் உள்ள உறவுகளிடமும் ஒரே கேள்விதான் எழுந்தது. அம்மா, அப்பாவை இதில் கூட்டிக்கொண்டு போகலாமா? அல்லது இரவெல்லாம் பாட்டும் குடியுமாக இருக்குமா?

கேள்வி சரியானதுதான். ஆனால் ‘கப்பல் பயணம்’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒரு கப்பலில் இரவு ஒன்பதரைக்கே தாழ்வாரங்கள் அடங்கிவிடும். இன்னொன்றில் விடியற்காலை மூன்று மணிக்கும் நடனம் நடக்கும். எந்த நிறுவனம், எத்தனை இரவுகள், ஆண்டின் எந்த மாதம் என்பவற்றைப் பொறுத்தே கப்பலில் யார் இருப்பார்கள், எத்தனை மணிக்கு உறங்குவார்கள் என்பது தீர்மானமாகிறது. எங்கள் குடும்பங்களுக்கு இவற்றோடு வேறு சில கேள்விகளும் இருக்கின்றன. அவை எந்த விளம்பரத்திலும் இல்லை.

திருகோணமலைக்குக் கப்பல் என்றால்

2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற விரும்பியவர்கள் இராணுவத்திடம் ‘கிளியறன்ஸ்’ எடுத்து, நாட்கணக்கில் காத்திருந்து, கப்பலேறித் திருகோணமலைக்கு வந்தார்கள். 2009இன் முற்பகுதியில் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களை சர்வதேச செஞ்சிலுவைக் குழு கப்பலில் ஏற்றி முதலில் திருகோணமலைக்கும் பின்னர் புல்மோட்டைக்கும் கொண்டுவந்தது. 2010 ஓகஸ்டில் ‘சன் சீ’ என்ற கப்பலில் 492 தமிழர்கள் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தார்கள்.

‘குரூஸ்’ என்ற சொல்லே எங்களுக்கு விடுமுறையாக அறிமுகமாகவில்லை. 2006 மே மாதம் திருகோணமலையிலிருந்து 710 இராணுவத்தினரை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குச் சென்ற ‘பேர்ள் குரூஸ்’ கப்பலின் தொடரணி கடற்புலிகளின் தாக்குதலுக்கு உள்ளானது. இந்தச் செய்திகளோடு வாழ்ந்த ஒருவருக்குப் பிள்ளைகள் கப்பல் பயணத்தைப் பரிசாகக் கொடுக்கும்போது, அவருடைய மனதில் எந்தக் கப்பல் வரும் என்பதையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

வயதும் இரவும்: நிறுவனங்கள் பிரியும் விதம்

கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒரு வகைப் பயணியை மனதில் வைத்தே கப்பலைக் கட்டுகின்றன.

இரவு வாழ்க்கையே வேண்டும் என்ற இளையவர்களுக்கு வேர்ஜின் வோயேஜஸ் ஒரு தெரிவு. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே இடமில்லை. பிள்ளைகள் இல்லாத கப்பல் என்றதும் அமைதியானது என்று நினைத்து அம்மா, அப்பாவுக்குப் பதிவுசெய்துவிடக் கூடாது. நள்ளிரவு கடந்தும் ஆட்டம் நடக்கும் கப்பல் அது. அதே 18 வயது விதி வைக்கிங் கப்பல்களிலும் இருக்கிறது. ஆனால் அங்கே கசினோ கிடையாது. நூலகம், விரிவுரை, மெல்லிய இசை என்று மாலை முடியும். பயணிகளில் பெரும்பாலானோர் ஓய்வுபெற்றவர்கள். விதி ஒன்றுதான், இரவு முற்றிலும் வேறு.

பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு, 50 வயதைக் கடந்தவர்களுக்கென்றே நடத்தப்படும் சாகா நிறுவனம் இருக்கிறது. பி அன்ட் ஓ நிறுவனத்தின் கப்பல்களில் ஆர்கேடியா, அரோரா இரண்டும் பெரியவர்களுக்கு மட்டுமானவை. அயோனா, ஆர்வியா பிள்ளைகுட்டிகளோடு செல்பவர்களுக்கானவை. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே கப்பலுக்குக் கப்பல் குணம் மாறும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

கனடாவில் இருந்து புளோரிடா சென்று கப்பலேறும் குடும்பங்கள் பெரும்பாலும் பார்ப்பது கார்னிவல், றோயல் கரீபியன், டிஸ்னி ஆகிய பெயர்களை. கார்னிவலில் விலை குறைவு, சத்தம் அதிகம். றோயல் கரீபியனின் புதிய கப்பல்கள் மிதக்கும் நகரங்கள். 2024இல் ஓடத் தொடங்கிய ‘ஐகன் ஒப் த சீஸ்’ ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொன் கொள்ளளவு கொண்டது. பேரப்பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், முழங்கால் வலியுள்ள அம்மம்மாவுக்கு அதன் நீளமே பெரும் பாடு. டிஸ்னி கப்பல்களில் கசினோ இல்லை. ஐரோப்பாவில் பார்சிலோனா, மார்செய், ஜெனோவா துறைமுகங்களிலிருந்து எம்எஸ்சி, கொஸ்ரா ஆகியவை ஓடுகின்றன. அறிவிப்புகள் பல மொழிகளில் வரும். பார்வையாளர் பல மொழிக்காரர் என்பதால் மேடை நிகழ்ச்சிகள் பேச்சை விட ஆட்டம், இசை, சாகசம் என்றே அமைந்திருக்கும். ஆங்கிலமோ பிரெஞ்சோ அதிகம் தெரியாத பெற்றோருக்கு இது உண்மையில் ஒரு வசதி. இரவு உணவு மட்டும் பிந்தும். மாத்திரை போடுபவர்கள் முந்திய நேரத்து மேசையைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெயரை விட நாட்கணக்கு முக்கியம்

எந்த நிறுவனமானாலும் வெள்ளிக்கிழமை புறப்பட்டுத் திங்கட்கிழமை திரும்பும் மூன்று இரவுப் பயணத்தில் நண்பர் கூட்டங்களே அதிகம். ஏழு இரவு என்றால் குடும்பங்கள். பத்து இரவுக்கு மேல் போனால் அவ்வளவு நாள் விடுப்பு எடுக்கக்கூடியவர்கள், அதாவது ஓய்வூதியர்கள். மார்ச் மாதம் புளோரிடாவில் புறப்படும் கப்பல்களில் அமெரிக்க பல்கலைக்கழக விடுமுறைக் கூட்டம் நிறைந்திருக்கும். அதே கப்பலில் செப்டெம்பரில் பாடசாலைப் பிள்ளைகளே அரிது. அமைதி தேடுபவர்கள் விலை கூடிய நிறுவனத்துக்கு மாறத் தேவையில்லை. மாதத்தை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

‘எம்பிரஸ்’ யாருக்கு?

1990இல் றோயல் கரீபியனுக்காகப் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல் இது. திருகோணமலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறித் தமிழகம் போன அதே ஆண்டு. ஏறத்தாழ 48,500 தொன். இன்றைய பெரிய கப்பல்களின் ஐந்தில் ஒரு பங்கு. இந்தச் சிறிய உருவம் வயதானவர்களுக்கு நன்மை. சாப்பாட்டு மண்டபத்திலிருந்து அறைக்கு வழி தவறாது, நடை குறைவு. பழைய கப்பல் என்பதால் அறைகள் சிறியவை, பல்கனி உள்ளவை சொற்பம்.

பயணிகளில் பெரும்பாலோர் இந்தியக் குடும்பங்களும் நண்பர் குழுக்களும். சைவ உணவுக்குக் குறையில்லை. நீச்சல் தடாகத்தருகே டிஜே, கசினோ, சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் எல்லாம் உண்டு. கலியாண வீட்டுக் கலகலப்பை விரும்புபவர்களுக்குப் பிடிக்கும். கடலைப் பார்த்தபடி சும்மா இருக்க விரும்புபவர்கள் மேல்தளத்தை விட்டு ஒதுங்க இடம் தேட வேண்டும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் கிழக்குக் கடல் சித்திரை தொடக்கம் ஆவணி வரை பெரும்பாலும் அமைதி. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று எழுந்தால் கதை வேறு. கடல் ஒவ்வாதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுப்பது நல்லது. பயண அட்டவணை ஆண்டுக்காண்டு மாறுவதால், திருகோணமலை அந்தத் திகதிப் பயணத்தில் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுமுன் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று தலைமுறை ஒரே கப்பலில்

எங்கள் குடும்பங்கள் தனித்தனியாகப் பயணம் போவது குறைவு. அம்மம்மாவும் பதினேழு வயதுப் பேரனும் ஒரே பயணத்தில் இருப்பார்கள். இருவருக்கும் ஒரே இரவு பொருந்தாது. ஆகவே ‘எல்லோருக்கும் பிடித்த’ கப்பலைத் தேடாமல், இரண்டு வகை இரவுகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாத கப்பலைத் தேடுவதே உசிதம்.

முதலாவது, அறையின் இடம். ஒவ்வொரு கப்பலின் தள வரைபடமும் இணையத்தில் கிடைக்கும். அறைக்கு நேர் மேலும் நேர் கீழும் வேறு அறைகளே இருக்க வேண்டும். மேலே நீச்சல் தடாகமோ கீழே நடன மண்டபமோ இருந்தால் உறக்கம் போய்விடும். மலிவாகக் கிடைக்கும் அறை ஏன் மலிவு என்பதற்கான விடை பல நேரம் அந்த வரைபடத்தில் இருக்கும்.

இரண்டாவது, மதுபானப் பொதி. கார்னிவல், றோயல் கரீபியன் இரண்டிலும் ஒரே அறையில் உள்ள பெரியவர்களில் ஒருவர் மதுபானப் பொதியை வாங்கினால் மற்றவரும் வாங்க வேண்டும் என்பதே பொது விதி. அப்பா குடிப்பதற்காக, தொட்டும் பார்க்காத அம்மாவுக்கும் சேர்த்துக் கட்ட நேரிடும். தனித்தனிக் கோப்பையாக வாங்குவது பெரும்பாலும் மலிவு. ஒரு கிழமைப் பயணத்தைக் குடித்தே தீர்க்கும் பயணமாக மாற்றிவிடும் தூண்டுதலும் அந்தப் பொதியில் இருக்கிறது. போருக்குப் பின் குடியால் உடைந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, வயது விதி. வட அமெரிக்காவில் புறப்படும் றோயல் கரீபியன் கப்பலில் மது அருந்த 21 வயது வேண்டும். ஐரோப்பாவில் புறப்பட்டால் 18 போதும். கார்னிவலில் 17 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் இரவு ஒரு மணிக்குப் பின் பெரியவர் துணையின்றிப் பொது இடங்களில் நிற்க முடியாது. இளையவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் கப்பலில் சண்டை குறையும்.

சங்கொலியும் வாணவேடிக்கையும்

ஒவ்வொரு கப்பலிலும் அவசரகாலப் பயிற்சி கட்டாயம். அப்போது ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமாகச் சங்கு ஊதும். உயிர்காப்பு அங்கி, வரிசை, பெயர் பதிவு எல்லாம் இருக்கும். யுத்தத்தில் சைரனோடும் முகாம் வரிசையோடும் வாழ்ந்த ஒருவருக்கு அந்த ஐந்து நிமிடம் மொத்தப் பயணத்தையும் கெடுத்துவிடலாம். என்ன நடக்கப்போகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று முதலே சொல்லி, பக்கத்தில் ஒருவர் நின்றால் பெரும்பாலும் போதும்.

டிஸ்னி கப்பல்களின் பல பயணங்களில் ஓர் இரவு கடலில் வாணவேடிக்கை உண்டு. பிள்ளைகளுக்கு அது உச்சம். ஷெல் விழுந்த இரவுகளை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு அப்படி இருக்காது. எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் எப்போதும் மலிவு. அதில் விளக்கை அணைத்தால் முழு இருட்டு. பதுங்குகுழியில் நாட்களைக் கழித்த ஒருவருக்கு, பல்கனி இல்லாவிட்டாலும் ஒரு ஜன்னலாவது இருக்கும் அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்செலவல்ல.

கடவுச்சீட்டைத் திறந்து பாருங்கள்

கப்பல் போகும் எல்லா நாடுகளுக்கும் உரிய விசா கையில் இல்லாவிட்டால், கரையில் இறங்கப்போவதில்லை என்று சொன்னாலும் ஏற்ற மறுக்கலாம், பணமும் திரும்பாது. இலங்கைக் கடவுச்சீட்டோடு சென்னையில் ஏறுபவர்கள், கப்பல் இந்தியாவை விட்டு வெளியேறி மறுபடியும் நுழைகிறது என்பதை மறக்கக் கூடாது. ஒருமுறை நுழையும் விசா போதாது. அகதிகளுக்கான பயண ஆவணம் வைத்திருப்பவர்கள், நிறுவனம் அதை ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

இன்னும் பாரதூரமான விடயம் ஒன்று உண்டு. கனடாவில் அகதியாக ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவுரிமை பெற்று, இன்னும் குடியுரிமை பெறாதவர்கள் தாயகத்துக்குத் திரும்பிப் போனால் அகதி நிலை நீக்கப்படும் நடவடிக்கைக்கு உள்ளாகலாம். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின் பின், அத்தோடு நிரந்தர வதிவுரிமையும் போகும். கப்பல் திருகோணமலையில் ஒரு பகல்தானே நிற்கிறது என்ற எண்ணத்தில் இருந்துவிட வேண்டாம். பதிவுசெய்யும் முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள்.

கரையில் கிடைக்கும் நேரம்

திருகோணமலைக்குக் கப்பலில் வரும் தமிழர் பலருக்கு இரவு நிகழ்ச்சியை விடப் பகல் நேரமே பெரிது. கோணேசர் கோவிலுக்கு பிரட்றிக் கோட்டைக்குள்ளால் ஏறிப் போக வேண்டும். வெயில் ஏறுமுன் போனால் வயதானவர்களுக்கு நல்லது. கன்னியா, நிலாவெளி இரண்டையும் சேர்த்தால் பகல் முடிந்துவிடும். உறவினரைச் சந்திக்க விரும்பினால் துறைமுக வாசலில் அல்ல, நகரத்துக்குள் ஓர் இடத்தை முதலே பேசி வையுங்கள். வெளியாட்கள் துறைமுகத்துக்குள் வர முடியாது. கப்பல் புறப்படுவதற்கு வெகுமுன்பே ஏறச் சொல்வார்கள், காத்திருக்க மாட்டார்கள். கப்பல் ஒழுங்குசெய்யும் பஸ்ஸில் போனால் நேரத்துக்குத் திரும்புவது நிச்சயம். ஊர் ஓட்டோவிலோ வானிலோ போனால் அந்தக் காசு ஊரில் நிற்கும். நேரம் இருந்தால் இரண்டாவதைத் தெரிவுசெய்யுங்கள்.

ஆகவே விலைப்பட்டியலைத் திறக்கும் முன் வீட்டில் ஒரு பேச்சு தேவை. இரவு பதினொரு மணிக்கு அம்மா எங்கே இருக்க விரும்புவார் என்று பிள்ளைகள் தங்களுக்குள் ஊகிக்காமல், அவரிடமே கேட்க வேண்டும். உறங்க வேண்டும் என்று சொல்லலாம். மேல்தளத்தில் காற்று வாங்க வேண்டும் என்று சொல்லலாம். தனக்கும் ஆட வேண்டும் என்று சொல்லவும் கூடும். கப்பலே வேண்டாம் என்று சொன்னால், அதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.