கள்ளக் காற்று

சிக்னலில் நிற்கும்போது என்ஜின் தானாக உறுமும், தணியும், மறுபடி உறுமும். கியர் போட்டதும் பொசுக்கென்று அணையும். மேட்டில் ஏறினால், முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஏசி காற்று முன்கண்ணாடிப் பக்கம் ஓடிவிடும். பிரேக்கை மிதித்தால் என்ஜின் சத்தம் மாறும். பழைய பெட்ரோல் பிக்கப் ஒன்றில் இவையெல்லாம் சேர்ந்து வந்தால், வண்டிக்காரர் முதலில் கைவைப்பது கார்புரேட்டரில். பெரும்பாலும் குற்றம் அங்கே இருப்பதில்லை. விரல் தடிமன்கூட இல்லாத, காய்ந்து வெடித்த ஒரு ரப்பர் ஹோஸில் இருக்கும்.

அமெரிக்காவில் 1970கள், 80களின் பிக்கப் வண்டிகளுக்கு இப்போது தனி மவுசு. 1973இல் வந்த ஷெவர்லேயின் ‘ஸ்கொயர் பாடி’, ஃபோர்டின் எஃப் வரிசை என்று பழைய வண்டிகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். வாங்குகிறவர் குனிந்து துருவைப் பார்க்கிறார், பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கிறார், மைலேஜ் மீட்டரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார். பானெட்டுக்கு அடியில் சிக்கல் விழுந்து கிடக்கும் ஹோஸ்களை எண்ணிப் பார்ப்பவர் அபூர்வம்.

நம்மூர் வண்டியை மனதில் வைத்துக்கொண்டு இதைப் புரிந்துகொள்ளப் பார்த்தால் குழம்பிப்போவோம். நம்மூர்ச் சரக்குப் பிக்கப்களில் பெரும்பாலானவை டீசல். பழைய டீசல் என்ஜினில் காற்றை அடைக்கும் திராட்டில் கதவு கிடையாது, அதனால் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் சொல்லிக்கொள்ளும்படி வேக்கமும், அதாவது உறிஞ்சும் இழுவையும், கிடையாது. பிரேக் பூஸ்டருக்காகப் பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே ஒரு வேக்கம் பம்ப் சுற்றும். அங்கே ஹோஸ் கிழிந்தால் பிரேக் கல்லாகும், என்ஜின் அதுபாட்டுக்கு ஓடும். கார்புரேட்டர் வைத்த மாருதி 800 ஓட்டியவர்களுக்குத்தான் அமெரிக்கக்காரரின் தலைவலி சட்டென்று புரியும். “ஸ்லோ நிக்கல சார், எங்கயோ ஏர் எடுக்குது” என்று மெக்கானிக் சொன்னது அவர்கள் காதில் இன்னும் இருக்கும்.

பெட்ரோல் என்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது திராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருக்கிறது. பிஸ்டன்களோ காற்றுக்காக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்த இழுவைதான் வேக்கம். கடல் மட்டத்தில், நல்ல நிலையில் உள்ள என்ஜின் ஐடிலிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ள வேண்டும். 5280 அடி உயரத்தில் இருக்கும் டென்வர் நகரத்தில் 14 காட்டும் வண்டியை நோயாளி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இலவசமாகக் கிடைத்த இந்த இழுவையைக் கொண்டு அன்றைய வடிவமைப்பாளர்கள் வாங்காத வேலையே இல்லை. பிரேக் பூஸ்டர், க்ரூஸ் கன்ட்ரோல், டிஸ்ட்ரிபியூட்டரின் அட்வான்ஸ், ஏசி காற்றைத் திருப்பும் உள்கதவுகள், புகைக் கட்டுப்பாட்டு வால்வுகள் எல்லாம் அதன் தயவில் ஓடியவை. ஏசி கதவுகள் வேக்கம் குறைந்தால் முன்கண்ணாடிப் பக்கம் திரும்பும்படி அமைந்தவை. மேட்டில் காற்று இடம் மாறுவது அதனால்தான்: ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வேக்கம் சரிகிறது, சேமித்து வைக்க வேண்டிய டப்பாவோ அதன் ஒருவழி வால்வோ ஒழுகுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த வில்லன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் மாடுலேட்டர். ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ 400, ஃபோர்டின் சி6 போன்ற கியர்பாக்ஸ்களுக்கு என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று சொல்ல, மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்கம் குழாய் போகும். அதன் முனையில் உள்ள டப்பாவின் ஜவ்வு கிழிந்தால், என்ஜின் அந்தக் குழாய் வழியாகக் கியர் ஆயிலையே உறிஞ்சிக் குடிக்கும். வெள்ளைப் புகை வரும். தரையில் ஒரு சொட்டு இராது, கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே போகும். ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. அந்தக் குழாயைப் பிடுங்கி உள்ளே சிவப்பு ஆயில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை குமிழி விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இந்த ஓட்டையோ காற்றை உள்ளே இழுக்கிறது, வெளியே அடையாளம் எதுவும் விடுவதில்லை. ஆகவே முதல் கருவி வேக்கம் கேஜ். முள் அசையாமல் வழக்கத்தைவிடக் கீழே நின்றால் காற்றுக் கசிவு அல்லது பின்தங்கிய டைமிங். ஒரே சீராக விட்டுவிட்டுக் கீழே விழுந்தால் சந்தேகம் வால்வின் மேல், ஹோஸைத் தொட வேண்டாம். அடுத்த கருவி காது. ஒரு நீளக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினால், ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் ஓரிடத்தில் திடீரென்று பெரிதாகும். அதற்கடுத்தது கிள்ளிப் பார்ப்பது: ஹோஸ்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் அழுத்தினால், எதை அழுத்தும்போது என்ஜின் நிதானப்படுகிறதோ அந்தப் பாதையில்தான் ஓட்டை.

கார்ப் கிளீனரை அங்கங்கே பீய்ச்சி, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் பரவலான வழக்கம். வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜினில் இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. தீப்பற்றும் திரவத்தை அங்கே பீய்ச்சுவதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் சூடான இரும்பில் பட்டால் விஷவாயுவே கிளம்பும். தண்ணீர் ஸ்பிரே பாதகமில்லை. மினரல் ஆயில் புகையை மெல்லிய அழுத்தத்தில் உள்ளே செலுத்தும் ஸ்மோக் மெஷின் இன்னும் நல்லது, என்ஜின் ஓட வேண்டிய அவசியமே இல்லை.

எதிலும் சிக்காத கசிவுகளும் உண்டு. கார்புரேட்டரின் திராட்டில் தண்டு தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால், எல்லா ஹோஸையும் மாற்றினாலும் ஸ்லோ நிற்காது. பழைய வி8 என்ஜின்களில் இன்டேக் கேஸ்கெட்டின் அடிப்பக்கம் விட்டுப்போனால், காற்று வெளியிலிருந்து வராது, என்ஜினின் வயிற்றுக்குள்ளிருந்தே ஆயில் ஆவியோடு வரும். மேலே எதைப் பீய்ச்சினாலும் தெரியாது, நீலப் புகை மட்டும் வரும். என்ஜின் வயிற்றின் ஆவியை இழுத்துக்கொள்ளும் பிசிவி வால்வையும் பிரீதரையும் அடைத்துவிட்டு, ஆயில் ஊற்றும் வாயில் உள்ளங்கையை வைத்தால் கையை உள்ளே இழுக்கும். அவ்வளவுதான் சோதனை. இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு நாடகம் கொஞ்சம் மாறியது. மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் வைத்த வண்டியில் கசிவு வந்தால் கம்ப்யூட்டர் அதைப் பாரம் என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும், ஐடிலிங் எகிறும். வரும் காற்றை அளக்கும் மாஃப் சென்சார் வைத்த வண்டியில் கலவை மெலிந்து மிஸ்ஸிங் தட்டும். 1996 முதல் வந்த வண்டிகளில் பி0171, பி0174 என்ற பிழைக் குறியீடுகளே துப்புக் கொடுத்துவிடும்.

ஆனால் ஓட்டையைக் கண்டுபிடித்த பின் வண்டிக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பத்து ரூபாய் மிச்சப்படுத்த ஹோஸை மாற்றாமல் விடுவதுகூடப் பரவாயில்லை. இவர்கள் ஹோஸையே வெட்டி எறிந்துவிட்டு வாயை அடைத்துவிடுகிறார்கள். அடைக்கப் பயன்படுத்துவது போல்ட், ஸ்க்ரூ, சில சமயம் கோல்ஃப் பந்தை நிறுத்தி வைக்கும் மர ஆணி! பழைய அமெரிக்கப் பிக்கப்பின் பானெட்டைத் திறந்தால் வண்ண வண்ணமாக அந்த ஆணிகள் சொருகியிருப்பது சாதாரணக் காட்சி.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970இல் வந்த தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு, புகையைக் கட்டுப்படுத்த ஆண்டுக்கு ஆண்டு வால்வுகளும் ஹோஸ்களும் கூடின. பிக்கப் உலகம் அதை ஆரம்பத்திலிருந்தே விரும்பவில்லை. 1975 மாடலில் எஃப்-150 பிறந்ததே, மொத்த எடையை 6000 பவுண்டுக்கு மேல் ஏற்றி அந்த ஆண்டின் கடுமையான விதிகளிலிருந்து நழுவத்தான். நிறுவனம் எடையைக் கூட்டி நழுவியது, வண்டிக்காரர் மர ஆணியால் நழுவினார். அந்தக் கருவிகள் வண்டியின் உயிரை வாங்கின, கழற்றினால்தான் உருப்படும் என்று சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் கோபத்திலும் ஓரளவு நியாயம் இருக்கட்டும்.

ஆனால் எதை அடைக்கிறோம் என்று தெரிந்தா அடைக்கிறார்கள்? பிசிவியை அடைத்தால் பிஸ்டனைத் தாண்டி வரும் ஆவிக்கு வழியில்லாமல், ஆயில் சேறாகும், சீல்கள் பிதுங்கும். எரிந்த புகையில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே அனுப்பும் ஈஜிஆர் வால்வைக் கழற்றினால் எரியறையின் சூடு ஏறி, பாரம் இழுக்கும்போது ‘டக்டக்’ என்று நாக்கிங் அடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸை அடைத்தால் மைலேஜ் போகும். ஏர் கிளீனர் மூக்கில் உள்ள கதவுக்குப் போகும் சின்னக் குழாயைப் பிடுங்கிவிட்டால், ஈரப்பதமான குளிர்காலக் காலையில் கார்புரேட்டருக்குள் பனி பிடித்து வண்டி திக்கும். அப்புறம் அதற்கும் கார்புரேட்டரையே குற்றம் சொல்லி, புதிதாக ஒன்று வாங்கி மாட்டுவார்கள். தூய காற்றுச் சட்டத்தின் 1990 திருத்தத்துக்குப் பிறகு இப்படிக் கழற்றுவது வண்டிக்காரரே செய்தாலும் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் 1976ஆம் ஆண்டு மாடலிலிருந்து பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை உண்டு. பானெட்டைத் திறந்து ஹோஸ்களைக் கண்ணால் பார்ப்பதும் அதில் அடக்கம். மற்ற பல மாநிலங்களில் கேட்க ஆளில்லை.

ஐந்து கை மாறிய வண்டியில் ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு வாய் அடைத்திருப்பார்கள். எது கம்பெனி மூடி, எது முன்னாள் உடைமையாளரின் கைவரிசை என்று ஆறாவது ஆளுக்குத் தெரிய ஒரே வழி, பானெட்டின் உட்புறமோ ரேடியேட்டர் பக்கமோ ஒட்டியிருந்த வேக்கம் வரைபட ஸ்டிக்கர். அது பெரும்பாலும் உரிந்து போயிருக்கும், அல்லது மறுபெயின்ட்டுக்கு அடியில் புதைந்திருக்கும்.

ஸ்டிக்கர் இருந்தால் இன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஹோஸ் மாற்றுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிப் போடாமல், ஒன்றைக் கழற்றி, அதே உள்விட்டத்தில் புதியதை மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவது உத்தமம். ஸ்டிக்கர் இல்லையென்றால் அதே ஆண்டு, அதே என்ஜின், அதே கியர்பாக்ஸ் கொண்ட வண்டியின் வரைபடத்தைத் தேட வேண்டும். அதுவும் போதாது. ஒரே என்ஜினுக்குக் கலிஃபோர்னியாவுக்கு ஒன்று, மற்ற மாநிலங்களுக்கு ஒன்று, மலைப்பிரதேசத்துக்கு ஒன்று என்று வேறு வேறு ஹோஸ் பாதைகள் இருந்தன. கலிஃபோர்னியா வண்டியின் படத்தைப் பார்த்து ஒஹாயோ வண்டிக்கு மாட்டினால் கடைசியில் இரண்டு மூன்று வாய்கள் மிஞ்சும். அப்போது கை தானாகவே கோல்ஃப் பையைத் தேடிப் போகும்.